கோர்ட்டு: வழக்காடவும் விளையாடவும்

செங்கோட்டையில் நான் டீ குடிக்கும் கடைக்கு ஓர் அண்ணாச்சி வருவார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய டைரித் தாளில் குறுக்கெழுத்துக் கட்டம் போட்டுக்கொண்டு வந்து எங்களிடம் நீட்டுவார். போன மாதம் அதில் இப்படி ஒரு குறிப்பு: 'வழக்கு நடக்கும் இடம், அங்கே விளையாடு (4)'.

இது என்ன பிரமாதம்? கோ, ர், ட், டு. பேனாவாலேயே எழுதிவிட்டேன். அப்புறம் மேலிருந்து கீழாக 'பழங்காலத் தபால்காரர் (2)' என்பதற்குப் புறா என்று போட்டேன். றா வந்து மூன்றாவது கட்டத்தில் உட்கார்ந்தது. கோர்றாடு! அப்படி ஒரு சொல் கிடையாது. "டு மட்டும் சரி தம்பி, மத்த மூணையும் அழிங்க" என்றார் அண்ணாச்சி.

கோர்ட் என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் லத்தீனில் 'கோஹார்ஸ்', அதாவது நாற்புறமும் அடைத்த முற்றம். தோட்டத்தைக் குறிக்கும் 'ஹோர்ட்டுஸ்' அதற்கு உறவுக்காரச் சொல். அந்த முற்றம் அரண்மனை முற்றமானது, அங்கே கூடியவர்கள் அரசவை ஆனார்கள். அரசன் அவையில் இருந்தபடியே வழக்குக் கேட்டதால் நீதி சொல்லும் இடத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்னொரு பக்கம், சுவர் சூழ்ந்த இடத்தில் பந்தடித்தவர்கள் அதையும் கோர்ட் என்றார்கள். பின்னாளில் டென்னிஸ் புல்வெளிக்கு வந்தபோது சுவர் போய்விட்டது, கோடு மிஞ்சியது. இன்றைக்கு வாலிபால் கோர்ட் என்பது 18 மீட்டருக்கு 9 மீட்டர் கோடு, அவ்வளவுதான். கிரிக்கெட் மைதானத்தை யாரும் கோர்ட் என்று சொல்வதில்லை.

அரசனின் கோர்ட்டும் பந்தடிக்கும் கோர்ட்டும் ஒருமுறை நேருக்கு நேர் மோதிக்கொண்டன. 1789 ஜூன் 20 அன்று வெர்சாயில் கூட்ட அரங்கு பூட்டிக் கிடந்ததால், பிரெஞ்சு மக்கள் பிரதிநிதிகள் பக்கத்தில் இருந்த பந்தாட்டக் கூடத்துக்குள் போய், அரசியல் சட்டம் எழுதாமல் கலையமாட்டோம் என்று சபதம் எடுத்தார்கள். டென்னிஸ் கோர்ட் சபதம் என்று அதற்குப் பெயர்.

தமிழில் இந்தச் சொல் இன்னொரு சேட்டையும் செய்கிறது. பேச்சில் கோர்ட்டு பாதி நேரம் 'கோட்டு' ஆகிவிடும். கோட்டுக்கு வெளியே பந்து விழுந்தால் புள்ளி போச்சு, கோர்ட்டுக்கு வெளியே வழக்கை முடித்தால் வக்கீல் பீஸ் மிச்சம். வக்கீல் மாட்டியிருப்பதும் கோட்டுதான். ஆங்கிலக் குறுக்கெழுத்துக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

சரி, தமிழ்ச் சொல் என்ன? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். அண்ணாச்சியின் அப்பா கடைசி வரைக்கும் 'கோடதி' என்றுதான் சொல்வாராம். புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இன்றும் அதுதான் பெயர். நாம் நீதிமன்றம் என்கிறோம். அது நிலைத்துவிட்ட சொல், அதில் தகராறு இல்லை. அதற்குள் இருக்கும் 'மன்று' என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மன்று என்பது ஊர் கூடும் பொது இடம். வழக்குத் தீர்த்ததும் அங்கேதான், கூத்தும் அங்கேதான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து ஐந்து மன்றங்கள் வருகின்றன. அரசன் கோல் வளைந்தாலும், அறம் சொல்லும் அவை ஒரு பக்கம் சாய்ந்தாலும், பேசாமல் கண்ணீர் விடும் பாவை நின்றது பாவை மன்றத்தில். இன்னொன்று இலஞ்சி மன்றம், குளத்தால் பெயர் பெற்றது. நம்ம பக்கத்து ஊர் இலஞ்சிக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமைதான், யாரும் கிளம்பிவிட வேண்டாம். மன்றுக்கு இன்னொரு பெயர் அம்பலம். குற்றாலத்துச் சித்திர சபை நடராஜருக்கு உரிய ஐந்து அம்பலங்களில் ஒன்று. ரகசியம் 'அம்பலத்துக்கு வந்துவிட்டது' என்று நாம் சொல்வது ஊர்ப்பொது இடத்தை வைத்து. கேரளத்து ஆரியங்காவில் போய் அம்பலம் என்றால் கோயிலைக் காட்டுவார்கள்.

ஆக, மன்றில் ஆடுபவன் கூத்தன். அதே மன்றில் போய் நின்று தன் வழக்கைச் சொல்வதும் 'ஆடுதல்'தான், வழக்காடுதல் மாதிரி. மன்று, ஆடு: மன்றாடு. அண்ணாச்சியின் கட்டத்துக்கு விடை அதுதான். நியாயம் கேட்டு வாதாடுவது என்று இருந்த சொல் இன்று கெஞ்சுவது என்று இறங்கிவிட்டது. மன்றில் நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது அந்த இறக்கத்திலேயே தெரிகிறது. கல்வெட்டுகளில் 'மன்றாடி' என்றால் ஊர்ச்சபைக்காரர். கோயில் விளக்குக்கு நெய் தர ஆடு வாங்கிக்கொண்ட இடையருக்கும் அதே பெயர் உண்டு.

விளையாட்டுக் கோர்ட்டுக்கு என் ஓட்டு 'ஆடுகளம்'. கிரிக்கெட் வர்ணனைக்காரர்கள் அதைப் பிட்சுக்குப் பிடித்துக்கொண்டார்கள் என்பது தெரியும். ஆனால் மலையாளக் கோயில்களில் தரையில் வண்ணப்பொடியால் வரையும் கோலத்துக்குக் 'களமெழுத்து' என்று பெயர். தரையில் கோடு போட்டால் அது களம். வாலிபாலுக்கும் சுண்ணாம்புப் பொடியில் அதைத்தானே செய்கிறோம்? பிட்சுக்கு வேறு சொல் தேடிக்கொள்ளட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பங்குக்கு ஒன்று போட்டுக்கொண்டு போனேன்: 'உள்ளே கறுப்புக் கோட்டு, ஓரத்தில் வெள்ளைக் கோடு (4)'. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மன்றாடாமல், கோ, ர், ட், டு என்று எழுதினார்.