டிமென்ஷியாவுக்கு ‘முதுமை மறதி’ என்று பெயர் வைத்தது யார்?

செவிலியர் பயிற்சிக் குறிப்பு, குடும்பத்தாருக்குக் கொடுக்கும் துண்டுத்தாள், எதை எடுத்தாலும், மூளை நோயால் நினைவும் சிந்தனையும் பேச்சும் நடத்தையும் நாளடைவில் குலைகிற டிமென்ஷியா வரும் இடத்தில் ‘முதுமை மறதி’ உட்கார்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் ‘மறதி நோய்’. படித்துப் படித்து அலுத்துவிட்டது. ‘முதுமை மறதி’யில் இருப்பது இரண்டே சொல், இரண்டும் தப்பு.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘டே’ என்றால் நீங்கி, ‘மென்ஸ்’ என்றால் மனம். மனம் நீங்கிய நிலை, அவ்வளவுதான். பழைய காலத்தில் பல வகைப் பித்துக்கும் இதே சொல்தான். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்களை இதிலிருந்து பிரித்துக் காட்டினார்; டிமென்ஷியா வந்தவர் செல்வந்தராக இருந்து ஏழையானவர் என்றார். முன்பு இருந்தது இப்போது இல்லை என்பதுதான் பொருள். மறதி இதில் எங்கே வந்தது?

சரி, வேரை விடுங்கள், நோயைப் பார்ப்போம். 1901இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் ஜெர்மன் மருத்துவர் அல்சைமர் பார்த்த பெண்மணிக்கு வயது 51. அவரிடம் முதலில் கண்ணில் பட்ட மாற்றம் மறதிகூட இல்லை, கணவர் மேல் திடீரென்று வந்த சந்தேகம். ஆக, அல்சைமர் நோய்க்குப் பெயர் வரக் காரணமான முதல் நோயாளிக்கே ‘முதுமை’யும் பொருந்தவில்லை, ‘மறதி’யும் முதலில் வரவில்லை! டிமென்ஷியாவில் 60 முதல் 70 விழுக்காடு வரை அல்சைமர் வகைதான், அதில் பெரும்பாலும் மறதிதான் முதலில் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதி? மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் முதலில் குணம் மாறும், பேச்சு குலையும். மூளைச் செல்களில் ‘லூயி பாடி’ என்ற புரதத் திரள்கள் சேர்கிற வகையில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவார். கனவில் கை கால் வீசி உதைப்பது, கத்துவது எல்லாம் சில சமயம் நோய்க்குப் பல ஆண்டு முன்பே தொடங்கிவிடும். இதற்கெல்லாம் பெயர் மறதியா?

சொல்தானே, என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்கள் வார்டில் ஓர் இரவு நின்று பார்க்க வேண்டும். ‘மறதி’ என்று சொல்லிக்கொடுத்தால் பார்த்துக்கொள்பவர் மறதியை மட்டும்தான் பார்ப்பார். “நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்” என்று பரீட்சை வைப்பார், பதில் தெரியாத மனிதர் இன்னும் பதறிப்போவார். சாயங்காலம் ஆனதும் வருகிற பதைப்பு, பகலெல்லாம் தூங்கி இரவில் எழுந்து நடப்பது, இவையும் அதே நோயின் பகுதி என்று அவருக்குத் தோன்றாது. ‘மறதிக்காரர், அடம் பிடிக்கிறார்’ என்று எழுதிவிட்டுத் தூக்க மாத்திரை கேட்பார். அந்த மாத்திரைகளில் பல குழப்பத்தைக் கூட்டும், விழ வைக்கும். செய்ய வேண்டியது வேறு: பகலில் வெளிச்சம், கொஞ்சம் நடை, பகல் தூக்கத்தைக் குறைப்பது, கண்ணாடியும் காது மிஷினும் மாட்டியிருக்கிறாரா என்று பார்ப்பது, வலியா, சிறுநீர் முட்டுகிறதா, மலச்சிக்கலா என்று தேடுவது. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது டெலிரியமாக, அதாவது உடல்நலக் கோளாறால் வருகிற திடீர் மனக்குழப்பமாக, இருக்கலாம், உள்ளே ஒரு தொற்று ஒளிந்திருக்கலாம், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ‘மறதி முற்றிவிட்டது’ என்று விட்டுவிட்டால் ஆளே போய்விடலாம்.

அடுத்த போட்டியாளர் ‘அறிவாற்றல் இழப்பு’. மறதியை விட எவ்வளவோ மேல். ஆனால் ‘இழப்பு’ என்றால் எல்லாம் முடிந்தது என்று காதில் விழுகிறது. பெயரை மறந்த மனிதர் குரலின் கனிவைப் புரிந்துகொள்கிறாரே. ‘மனச்சிதைவு’ என்று எழுதுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை, அது ஸ்கிசோஃப்ரீனியா என்ற வேறொரு மனநோயின் பெயர். என் ஓட்டு ‘அறிதிறன் தேய்வு’க்கு. தேய்பிறை போல இருந்தது குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் இன்னும் இருக்கிறது. வெறும் ‘அறிவு’ வேண்டாம், அறிவில்லாதவன் என்பது நம்மிடம் வசவு. ரத்தக்குழாய் அடைப்பால் வருகிற வகை தேயாது, படிப்படியாக இறங்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனாலும் ‘மறதி’ அளவுக்குத் ‘தேய்வு’ பொய் சொல்லவில்லை. ஜப்பான்காரர்கள் தங்கள் பழைய சொல் இழிவாக இருக்கிறது என்று 2004இல் அரசு அளவிலேயே மாற்றிக்கொண்டார்கள், ஆகவே மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் இந்த மொழிபெயர்ப்பாளர்கள். பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம், அதைப் ‘பதட்டம்’ ஆக்கியதைக்கூட மன்னித்துவிடலாம். நோயாளி நிலைகொள்ளாமல் தவிப்பதைக் ‘கிளர்ச்சி’ என்கிறார்கள், பாவம் அவர் எந்த அரசைக் கவிழ்க்கப் போனார்? செவிலியர் செய்யும் பணிவிடைக்குப் பெயர் ‘செவிலியர் தலையீடு’. சங்கப் பாட்டில் செவிலி என்பவள் எடுத்து வளர்த்த தாய், அவள் தலையிடுகிறாளாம். ஒரு நல்ல சொல் கிடைக்காவிட்டால் ‘டிமென்ஷியா’ என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, தெரியாத சொல்லைக் கேட்டால் வீட்டார் “அப்படின்னா என்ன?” என்று கேட்கவாவது செய்வார்கள், மறதி என்றால் தெரியும் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.