குரோமட்டோகிராபி: நிறப்பதிவா, வண்ணப்பிரிகையா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயிலும் மாணவர் ஒரு மூலிகையை ஆய்வுக்கு எடுத்தால், விரைவிலேயே எதிர்ப்படும் சொல் குரோமட்டோகிராபி: கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை. கிரேக்கத்தில் 'குரோமா' நிறம், 'கிராபீன்' எழுதுதல். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் த்ஸ்வெத் 1906இல் இச்சொல்லை அச்சேற்றினார். கல்சியம் காபனேற்றுத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் அவர் இலைச்சாற்றை இறக்க, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. த்ஸ்வெத் என்ற ரஷ்யச் சொல்லுக்கும் நிறம் என்றே பொருள். மனிதர் தம் பெயரையும் சேர்த்து நுழைத்துவிட்டாரோ என்னவோ!

கிரேக்கத்தை அப்படியே பெயர்த்தால் 'நிறப்பதிவு' என்று வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'வண்ணப்பிரிகை' என்கின்றன. என் வாக்கு இதற்கே. நடக்கும் வேலை பிரிப்பதுதான். நிறமற்ற சேர்மங்களும் இம்முறையில் பிரிகின்றனவே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் வெறும் 'பிரிகை' என்றால் வடிகட்டலும் அதற்குள் வந்துவிடும்.

வயல் வரம்பில் முளைக்கும் கையாந்தகரையைப் பாருங்கள். இலையைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும். பரியாரிக்கு அந்த அடையாளம் போதும். காய்ந்து, இடிபட்டு, பொட்டலமாக வந்த தூளில் இலையும் இல்லை, பூவும் இல்லை. அங்கேதான் மெல்லிய படல வண்ணப்பிரிகை கைகொடுக்கிறது. தூளின் சாரத்தைச் சிலிக்கா பூசிய தட்டின் அடியில் ஒரு பொட்டாக வைத்து, அடிவிளிம்பு மட்டும் கரைப்பானில் நனையும்படி நிறுத்துவார்கள். கரைப்பான் மேலேற, சிலிக்காவை இறுகப் பற்றும் சேர்மங்கள் கீழே தங்க, மற்றவை உயரே போகும். கண்ணுக்குத் தெரியாத பொட்டுகளில் பல புற ஊதா விளக்கின்கீழ் தெரியும். பொட்டுகளை ஒப்பிட, பொட்டு ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுக்க வேண்டும்: 8 செ.மீ.க்கு 4 செ.மீ. என்றால் 0.5.

கையாந்தகரையில் வெடலோலாக்டோன் என்ற சேர்மம் உண்டு. அதன் பொட்டைக் கண்டவுடன் 'இது கையாந்தகரையேதான்' என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரம் வேண்டாம். பெயரே காட்டிக்கொடுக்கிறது: வெடலியா என்பது மஞ்சள் பூப் பூக்கும் பொற்றலைக் கையாந்தகரை என்ற வேறொரு செடிக்கு வழங்கிவந்த பேரினப் பெயர். சேர்மம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதும் அதிலிருந்துதான். ஆகவே ஒற்றைப் பொட்டை நம்பாமல், தாவரவியலாளர் இனங்கண்டு உறுதிசெய்த செடியின் சாரத்தையும் அதே தட்டில் பக்கத்தில் ஏற்றி, இரண்டின் பொட்டு வரிசையையும் முழுதாக ஒப்பிடுகிறார்கள்.