நாலு டன் மீனுக்கு எதற்கு ஹெவி லைசென்ஸ்?

இந்த மாதமும் இதே கேள்வியோடு ஒருவர் வந்துவிட்டார். தொண்டிப் பக்கத்து மீன் வியாபாரி. புதிதாக ஆறு சக்கர லாரி எடுத்திருக்கிறார். ஓட்டப்போவது அக்கா மகன், அவன் கையில் இருப்பது கார் லைசென்ஸ். "கோர்ட்டே சொல்லிருச்சே அண்ணே, கார் லைசென்ஸ் போதும்னு. நாம ஏத்துறது நாலு டன் மீனுதானே?"

ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தால் மொத்த எடை 16,000 கிலோவுக்கு மேல்!

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது ஒன்றுதான். இலகுரக வாகன லைசென்ஸ் (நாம் கார் லைசென்ஸ் என்கிறோமே, அதுதான்) உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம். அந்த எடை நீங்கள் இன்றைக்கு ஏற்றிய மீனின் எடை இல்லை சாமி. வண்டியின் சொந்த எடையும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட அதிகபட்சச் சரக்கும் சேர்ந்தது, ஆர்.சி.யில் அச்சடித்திருப்பது. பாதி ஐஸ், பாதி மீன் என்றாலும் அதே எண்தான். மதுரையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினாலும் அதே எண்தான். தீர்ப்பு வாட்ஸ்அப்பில் வரும்போது இந்த 7,500 மட்டும் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

ஹெவிக்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும், இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். அப்புறம் எல்.எல்.ஆர்., டாக்டர் சான்று, பயிற்சி முடித்ததற்குப் பள்ளி தரும் சான்றான படிவம் 5. எட்டாம் வகுப்புச் சான்றிதழைத் தேடி அலையாதீர்கள், அந்த நிபந்தனையை 2019இலேயே எடுத்துவிட்டார்கள்.

செலவா? எல்.எல்.ஆருக்கு வகைக்கு 150 ரூபாய், ஓட்டுத் தேர்வுக்கு 300 என்று அரசுக் கட்டணம் சின்னத் தொகைதான். மீதியெல்லாம் டீசல், லாரி, பக்கத்தில் உட்காரும் ஆளின் சம்பளம். பள்ளியில் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரம் ஸ்டியரிங் பிடித்து ஓட்ட வேண்டும். அரசின் தனி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையமென்றால் பாடமும் ஓட்டுவதும் சேர்த்து ஆறு வாரத்தில் 38 மணி நேரம். "வராமலே சான்றிதழ்" என்று பாதிக் காசுக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைப்பது இந்த மணி நேரத்தைத்தான்.

அந்த மணி நேரத்தில் என்ன நடக்கிறது? கார் பழக்கத்தில் பையன் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பான். லாரியின் ஏர் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது, ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியில் காற்று குறையும். அழுத்தம் காட்டும் முள் இறங்கும், பஸ்ஸர் கத்தும், பையன் முகம் வெளிறும். இன்னும் குறைந்தால் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் தானாகவே இறுகி நின்றுவிடும். இதை மைதானத்தில் பார்க்கட்டுமே, பாம்பன் பாலத்து நடுவில் எதற்கு? கீழக்கரைத் தெருமுனையிலும் இதே கதை. முன்சக்கரம் தாண்டிவிட்டதென்று ஒடித்தால், பின்சக்கரம் உள்வாங்கி யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறும்.

முதலாளிமாருக்கு: லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவி கொடுத்தால் உங்களுக்கும் 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்தென்றால் இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கக்கூடும். (ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் பிரேக் பைப்பைத் தின்னும், அதையும் அடிக்கடி பாருங்கள்.)

அக்கா மகனுக்கு இலகுரக லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஹெவிக்கு எல்.எல்.ஆர். போடவே இன்னும் நாலு மாதம் ஆகும். அவன் கையில் ஹெவி லைசென்ஸ் வரும்வரை, அது உள்ள டிரைவரைச் சம்பளத்துக்கு வையுங்கள், பையன் கிளீனராகக் கூடப் போய் வரட்டும். தயவுசெய்து, இரவில் ஆளில்லாத ஈ.சி.ஆர்.தானே என்று மட்டும் சாவியை அவனிடம் நீட்டாதீர்கள்.