நாணயத்தின் முதுகில் ஏன் குழி?

பண்டைய கிரேக்க நாணயங்களின் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "முன்பக்கத்தில் இவ்வளவு அழகாக ஆமையைப் பொறித்தவர்கள், பின்பக்கத்தை ஏன் வெறும் சதுரக் குழியாக விட்டார்கள்?" அருமையான கேள்வி. அந்தக் குழி இல்லாவிட்டால் ஆமையே விழுந்திருக்காது.

இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லிடியர்களும் அவர்களை அடுத்திருந்த கிரேக்க நகரத்தாரும் எலக்ட்ரத்தில் நாணயம் அடித்தார்கள். எலக்ட்ரம் என்பது தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகம். கலப்பு மாறினால் மதிப்பும் மாறும். கைமாறும்போதெல்லாம் உரைகல்லைத் தேடிக்கொண்டிருந்தால் வணிகம் நடக்காது. எடையை வரையறுத்து, "இதற்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் முத்திரை குத்த வேண்டும். லிடியாவின் முத்திரை சிங்கத்தலை. மேயும் மான் பொறித்த நாணயமொன்றில் "நான் ஃபனேஸின் சின்னம்" என்று எழுதியே இருக்கிறது.

எபேசஸ் நகரின் ஆர்ட்டெமிஸ் கோயிலில் 1904-05இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்திய அகழாய்வில், நாணயம் பிறந்த படிகள் ஒரே இடத்தில் கிடைத்தன. எந்தக் குறியும் இல்லாத உலோக உருண்டைகள், குழி மட்டும் விழுந்தவை, ஒரு பக்கம் கோடுகளும் மறுபக்கம் குழியும் கொண்டவை, உருவம் பதிந்தவை என எல்லாமே அங்கே இருந்தன. குழி முதலில் வந்தது, படம் பிறகுதான் வந்தது.

அடிக்கும் முறை இதுதான். படத்தைத் தலைகீழாகக் குடைந்த அச்சு, பட்டடையில் பதிந்திருக்கும். அதன்மேல் உலோக வில்லையை வைப்பார்கள். ஆரம்பகால வில்லைகள் தட்டையாக இல்லாமல் உருண்டு திரண்டிருக்கும். புளியங்கொட்டையைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி அடி வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் வில்லையின் மேல் சதுர முனையுள்ள ஒரு முளையை நிறுத்தி, முளையின் தலையில் அடித்தார்கள். சிறிய முனை என்பதால் அழுத்தம் ஒரே இடத்தில் குவியும். முனை உலோகத்துக்குள் இறங்கி, வில்லையை நகரவிடாமல் கவ்விக்கொள்ளும். பிதுங்கும் உலோகம் கீழிருக்கும் அச்சின் பள்ளங்களுக்குள் பாயும். ஏஜினா தீவின் வெள்ளி நாணயத்தில், சுமார் 12 கிராம் எடையில், கடலாமையின் முதுகு அவ்வளவு திரட்சியாக எழுந்து நிற்பதற்குக் காரணம் பின்னாலிருந்து முளை கொடுத்த தள்ளல்தான்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸ் நகரத்தார் முளையின் முனையிலும் படம் குடைந்தார்கள். பட்டடை அச்சில் ஏதீனா தேவியின் தலை, முளையில் அவளுடைய ஆந்தை. ஆந்தையைச் சுற்றி அந்தப் பழைய சதுரப் பள்ளம் அப்படியே தெரியும். ஏதென்ஸுக்கு அருகிலிருந்த லாரியன் சுரங்கங்களின் வெள்ளியோடு இந்த ஆந்தை மத்தியதரைக் கடலெங்கும் போயிற்று. நம் ஊரில் ஆந்தையைக் கண்டாலே அபசகுனம் என்று கல்லெடுக்கிறார்கள். எலி பிடித்து வயலைக் காக்கும் அந்தப் பறவைக்கு நாம் செய்வது பெரும் அநியாயம்.

சுத்தியலடியை நேரடியாக வாங்கும் முளை சீக்கிரம் தேயும், உடையும். பட்டடையின் அணைப்பில் கிடக்கும் அச்சு நீண்ட நாள் உழைக்கும். எனவே பட்டடையிலிருக்கும் தலைப்பக்க அச்சு ஒன்று உயிரோடிருக்கும் காலத்தில் பல முளைகள் மாறிவிடும். அந்தத் தலைப்பக்க அச்சிலும் மெல்ல விரிசல் விழும். விரிசலின் தடம் நாணயத்தில் மெல்லிய மேட்டுக்கோடாகப் பதியும். கோடு இல்லாதது முதலில் அடித்தது, கோடு நீண்டது பின்னால் அடித்தது. ஆண்டே பொறிக்காத நாணயங்களை ஆய்வாளர்கள் இப்படித்தான் வரிசைப்படுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான நாணயங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும் இந்தப் பொறுமையான வேலைக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். புதையலாகக் கிடைப்பவற்றைப் பிரித்துத் தனித்தனியாக விற்றுவிட்டால், ஒரே அச்சில் பிறந்த நாணயங்களை மறுபடி அருகருகே வைத்துப் பார்ப்பது மிகவும் கடினம்.