ககேத்தியில் ஒயின் ருசிக்கப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் நாலு நாள் லீவு கிடைத்தால் ஜார்ஜியாவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். அதில் ஒரு நாள், கிழக்கு ஜார்ஜியாவின் ஒயின் பகுதியான ககேத்திக்கு, ஒயின் ருசிக்க. எந்த மாதிரி இடம் வேண்டும் என்று கேட்டால், "பாரம்பரியமா ஒண்ணு பார்த்துப் போடுங்க" என்பார்கள்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அங்கே பாதி வியாபாரம் நடக்கிறது. நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓட்டுநர் சொன்ன இடத்துக்கு ஒரு குழுவைக் கூட்டிப் போனேன். கல் சுவர், வாசலில் சாய்த்து வைத்த பெரிய மண் தாழி, படம் எடுக்க அருமையான இடம். உள்ளே ஊற்றியதெல்லாம் ஸ்டீல் தொட்டி ஒயின். அது மட்டமில்லை, ஆனால் நாங்கள் தேடிப் போனது அதுவல்ல. ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்தத் தாழிக்குப் பெயர் க்வெவ்ரி. முட்டை வடிவம், உட்புறம் தேன்மெழுகுப் பூச்சு. கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே குளுமை மாறாது. ககேத்தி வழக்கப்படி ர்காத்ஸிதெலி போன்ற வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து, சாற்றைத் தோல், விதை, காம்போடு ஐந்தாறு மாதம் அதில் ஊறவிடுகிறார்கள். வசந்தத்தில் திறக்கும்போது தேன் நிறத்தில், கட்டஞ்சாயா போல லேசாகத் துவர்க்கும். யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்த முறையைத்தான்.

ஆக, வாசலில் நிற்கும் க்வெவ்ரி அலங்காரம். வேலை செய்யும் க்வெவ்ரிக்கு வாய் மட்டும்தான் தரையில் தெரியும். க்வெவ்ரிகளைப் புதைத்திருக்கும் 'மரானி' என்கிற அறையைக் காட்டச் சொல்லுங்கள். போன வருஷம் எதில் எந்தத் திராட்சை, எத்தனை மாதம் தோலோடு இருந்தது என்று கேளுங்கள். எப்படிக் கழுவுகிறீர்கள் என்றும் கேளுங்கள். நான் விடாமல் கேட்கும் கேள்வி இது. நிஜமாகவே செய்கிறவர் செர்ரி மரப்பட்டையை அடுக்கி நீளக் கம்பில் கட்டிய தேய்ப்பானை எடுத்து வந்து காட்டிவிடுவார்.

பழைய இடமென்றாலே க்வெவ்ரி என்றும் நினைக்க வேண்டாம். த்ஸினந்தாலி மாளிகை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய முறையில் ஒயின் செய்து பேர் வாங்கியது. அது வேறு மரபு, பார்க்கலாம். அலாவெர்தி மடத்தில் துறவிகளே க்வெவ்ரியில் செய்கிறார்கள். அங்கே உடையில் கண்ணியம் வேண்டும்.

ஒரே நாளில் ஐந்து இடம் என்று விற்கும் பேக்கேஜை நான் போடுவதில்லை. மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். இரண்டு போதும், அதில் ஒன்று, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும் குடும்ப மரானியாக இருக்கட்டும். செப்டம்பர், அக்டோபர் அறுவடை நேரத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, கட்டாயம் கேட்டுவிட்டே போங்கள். ககேத்திக்குப் போகும் கோம்போரி மலைப்பாதை முழுக்க வளைவு. வாடகைக் காரை நீங்களே ஓட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒயின் குடிக்கலாமா என்று ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் சின்ன கிளாசில் தண்ணீர் போல ஒன்றை நீட்டுவார். ஒயின் எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் காய்ச்சிய சாச்சா அது. விஸ்கி அளவுக்கோ அதற்கு மேலோ ஏறும். ஒரே மடக்கில் குடித்தவர்களை நான் வேனில் தூங்கவைத்துத்தான் தலைநகர் திபிலிசிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.