செப்சிஸைத் தமிழில் எப்படிச் சொல்வது?

“உங்க அப்பாவுக்கு செப்டிக் ஆகியிருக்கு” என்று மருத்துவர் சொன்னதும், “அவருக்குப் புண் எதுவும் இல்லையே டாக்டர்?” என்று மகன் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பேச்சுத்தமிழில் ‘செப்டிக் ஆயிடுச்சு’ என்றால் புண்ணில் சீழ் வைத்துவிட்டது என்று பொருள். நிமோனியாவோடு வந்து, சிறுநீர் குறைந்து, நினைவு தடுமாறிக் கிடப்பவருக்கு அது எப்படிப் பொருந்தும்? சொல் ஒன்றுதான், மருத்துவர் நினைப்பது தொற்றால் உறுப்புகள் செயல் குலையும் செப்சிஸ், மகன் நினைப்பது வேறொரு நோய்.

மகன் நினைப்பதுதான் சொல்லின் பழைய பொருளுக்கு நெருக்கம். கிரேக்க மொழியில் ‘செப்சிஸ்’ என்றால் அழுகல். பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இதற்கு எதிராக ‘பெப்சிஸ்’ என்ற சொல்லை வைத்தார்கள்: செரித்தல், பக்குவமாதல். பெப்சின், பெப்டிக் அல்சர் எல்லாம் அந்த வேரில் வந்தவை. உடலுக்குள் ஒரு பொருள் பக்குவமானால் நலம், அழுகினால் நோய் என்பது அவர்கள் கணக்கு. 1867-இல் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அறுவைப் புண்களைக் காத்த முறையை வெளியிட்டபோது, ‘ஆன்டிசெப்டிக்’ என்பது அழுகலுக்கு எதிரானது என்ற நேர்ப்பொருளில்தான் நின்றது. செப்டிக் டேங்க் என்பதிலும் அதே அழுகல்தான்.

ஆனால் மருத்துவத்தில் பொருள் நகர்ந்துவிட்டது. 1991-இல் நடந்த வல்லுநர் மாநாடு, தொற்றோடு உடல் முழுதும் அழற்சி எழுவதை செப்சிஸ் என்றது. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு வீதம், வெள்ளணுக்கள் ஆகிய நான்கில் இரண்டு மாறினால் போதும். அந்த வலையில் சாதாரணக் காய்ச்சல்காரர்களும் சிக்கினார்கள். 2016-இல் வந்த மூன்றாம் வரையறை அதைக் களைந்தது. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப்போய், அதனால் உறுப்புகள் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் செயல் குலைவதுதான் இப்போது செப்சிஸ். தொற்றோடு, உறுப்புகள் எவ்வளவு குலைந்திருக்கின்றன என்பதை அளக்கும் சோஃபா (SOFA) மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் கூடியிருக்க வேண்டும். ‘கடுமையான செப்சிஸ்’ என்ற தனிப்பிரிவும் எடுக்கப்பட்டது. உறுப்பு குலையாமல் செப்சிஸே இல்லை என்றான பிறகு அந்த அடைமொழிக்கு வேலை இல்லை. குழந்தைகளுக்கு 2024-இல் வந்த ஃபீனிக்ஸ் அளவுகோலும் இதே வழியில்தான் போகிறது. மூச்சு, இதய-இரத்த ஓட்டம், இரத்த உறைவு, நரம்பு மண்டலம் ஆகியவற்றின் குலைவை எண்ணி, தொற்றோடு குறைந்தது 2 புள்ளி சேர்ந்தால் செப்சிஸ் என்கிறது.

இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் வழங்கும் சொற்களைப் பார்ப்போம். ‘சீழ்ப்பிடிப்பு’ புண்ணோடு நின்றுவிடுகிறது. டெங்கு போன்ற வைரஸ் தொற்றிலும் உறுப்புகள் இப்படிக் குலையலாம். அங்கே சீழ் ஏது? ‘இரத்தத்தில் நச்சு கலத்தல்’ என்று செய்திகளில் எழுதுகிறார்கள். படிப்பவர் யாரோ விஷம் கொடுத்துவிட்டதாக மிரள்வார். ‘இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது’ என்று மருத்துவர்களே சொல்வது இன்னும் தந்திரமான பிழை. அது பாக்டீரிமியா. செப்சிஸ் உள்ளவரின் இரத்தத்தை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் எதுவும் வளராமல் போவது அரிதல்ல. அறிக்கையைப் பார்த்த குடும்பம், “கிருமியே இல்லைன்னு வந்திருக்கே, அப்புறம் எதுக்கு ஐசியூ?” என்று கேட்கும். தவறான சொல்லைக் கொடுத்தவர் அப்போது என்ன பதில் சொல்வார்?

மூன்று சொற்களும் குற்றத்தைக் கிருமியின் மேலேயே சுமத்துகின்றன. புதிய வரையறையின் சாரமோ உடலின் எதிர்வினையிலும் உறுப்புகளின் நிலையிலும் இருக்கிறது. ஆகவே நான் பரிந்துரைப்பது ‘தொற்றுக்குலைவு’. தொற்று என்பது மருத்துவம் படிக்காதவருக்கும் தெரியும். குலைவு என்பதில் கட்டு அவிழ்ந்துபோவதும் இருக்கிறது, நிலைகெடுவதும் இருக்கிறது. ‘நிலைகுலைந்து போனார்’ என்று நாம் சொல்லும் அதே குலைவு. ‘தொற்றெதிர்வினைச் சீர்கேடு’ இன்னும் துல்லியம்தான். ஆனால் நள்ளிரவில் ஐசியூ வாசலில் நின்று அதைச் சொல்ல முடியாது.

செப்டிக் ஷாக்கை ‘அதிர்ச்சி’ என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். அதிர்ச்சி என்றால் மனம் கலங்குவது, ஷாக் என்றால் மின்சாரம். போதிய திரவம் ஏற்றிய பிறகும் சராசரி இரத்த அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவிலாவது நிறுத்த மருந்து தேவைப்பட்டு, இரத்தத்தில் லாக்டேட் (திசுக்கள் திணறும்போது கூடும் பொருள்) லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருக்கும் நிலை அது. ‘தொற்றுக்குலைவில் இரத்த ஓட்ட வீழ்ச்சி’ என்றால் நடப்பது என்ன என்பது புரியும்.

சொல்லைத் தேடுவதற்கு இப்போது நேரடியான தேவையும் வந்திருக்கிறது. செப்சிஸ் சிகிச்சைக்கான 2021-ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டி, பிழைத்து வீடு திரும்புபவருக்கும் குடும்பத்தாருக்கும் இந்த நோயைப் பற்றி வாய்மொழியாகவும் எழுத்திலும் விளக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. தசைச் சோர்வு, மறதி, மனச்சோர்வு எனப் பின்விளைவுகள் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். தனக்கு வந்த நோயின் பெயரே தெரியாதவர் அவற்றை அதோடு எப்படி இணைத்துப் பார்ப்பார்? டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலப் பெயருக்குக் கீழே இப்படி ஒரு வரி சேர்க்கலாம்: “உங்களுக்கு வந்தது தொற்றுக்குலைவு (செப்சிஸ்). நுரையீரலில் ஏற்பட்ட தொற்றை எதிர்த்தபோது உடலின் கட்டுப்பாடு குலைந்து, சிறுநீரகமும் மூளையும் சரியாக இயங்காமல் போயின. மறுபடி காய்ச்சலோடு மூச்சிரைப்போ குழப்பமோ வந்தால், இந்தப் பெயரைச் சொல்லி உடனே மருத்துவரைப் பாருங்கள்.”