மீறல்: ‘டிரான்ஸ்கிரெஷன்’ சினிமாவுக்கு ஒரு தமிழ்ச் சொல்

1980களில் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், கையில் காசில்லாத சில இளைஞர்கள் சூப்பர் 8 கேமராவில் குறும்படங்கள் எடுத்தார்கள். அந்தக் கேமராவில் போடும் ஒரு சுருள் ஐம்பது அடிதான், மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். படங்களைத் திரையிட்டது பார்களிலும் இசைக் கிளப்புகளிலும். ரத்தம், வன்முறை, காமம், மத நிந்தனை என்று எதையும் அவர்கள் ஒதுக்கவில்லை. இந்தப் படங்களுக்கு 1985இல் அவர்களில் ஒருவரான நிக் ஸெட் வைத்த பெயர்தான் ‘சினிமா ஆஃப் டிரான்ஸ்கிரெஷன்’. தானே நடத்திய சிறு இதழில், ஓரியன் ஜெரிக்கோ என்ற புனைபெயரில் அதற்கு ஓர் அறிக்கையும் எழுதினார்.

இந்தப் பெயரைத் தமிழில் எழுத வேண்டி வரும்போதெல்லாம் நான் திணறியிருக்கிறேன். ‘அதிர்ச்சி சினிமா’ என்று எழுதி அடித்திருக்கிறேன். அதிர்ச்சி என்பது பார்ப்பவருக்கு நேர்வது. டிரான்ஸ்கிரெஷன் எடுப்பவர் செய்யும் வேலை. இரண்டும் ஒன்றல்ல.

சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘கிராடி’ என்றால் அடியெடுத்து வைத்தல். நம் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் புரோகிரஸ் ரிப்போர்ட்டில் இருப்பதும் இதே அடிதான். அது முன்னே வைத்த அடி, இது ஒரு கோட்டைத் தாண்டி வைத்த அடி. சமஸ்கிருதத்தின் ‘அதிக்கிரமம்’ அச்சு அசலாக இதே கட்டுமானம்: அதி என்றால் அப்பால், கிரமம் என்பதற்கு அடிப்பொருள் நடை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நெடுங்காலம் தேவாலயத்துக்குள்தான் வாழ்ந்தது. கடவுளின் கட்டளையைத் தாண்டுவது, அதாவது பாவம். தமிழ் பைபிளில் ஏசாயா 53ஆம் அதிகாரத்தைத் திறந்தால், ‘நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு’ என்று வரும். ஆங்கில பைபிளில் டிரான்ஸ்கிரெஷன் நிற்கும் அதே இடத்தில் தமிழில் ‘மீறுதல்’ நிற்கிறது. நாம் தேடுகிற சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்துவிட்டார்கள். மீறலையும் காயத்தையும் ஒரே வரியில் சேர்த்து வேறு வைத்திருக்கிறார்கள்! ஸெட் செய்தது என்னவென்றால், இந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பியதுதான். மறுமை என்று ஒன்றில்லை, பணிந்து கிடப்பதே நரகம், விதிகளை உடைப்பதே சொர்க்கம், அந்தத் துணிச்சலுக்குப் பெயர்தான் டிரான்ஸ்கிரெஷன் என்பது அவருடைய அறிக்கையின் சாரம். பாவத்தின் பெயரைத் துணிச்சலுக்குச் சூட்டினார்.

சரி, தமிழில் வேறு சொற்களும் போட்டிக்கு நிற்கின்றன. ‘அத்துமீறல்’ நாளிதழில் தினமும் கண்ணில் படுவது. அதிலுள்ள ‘அத்து’ எல்லை என்று பொருள்படும் ‘ஹத்’ என்ற அரபுச் சொல் உருதுவழி வந்தது. ஆனால் இன்று அத்துமீறல் என்றால் அடுத்தவர் வீட்டுக்குள், அடுத்தவர் உடல்மீது, சம்மதமில்லாமல் நுழைவது. தன் உடலைத் தானே விரும்பிக் கேமராவுக்கு முன் வைக்கிற கலைஞரை இந்தச் சொல்லால் அழைத்தால் அவருக்கு அநியாயம் செய்வதாகும். சிற்றிதழ் வட்டாரத்தில் ‘பிறழ்வு’ என்பார்கள். அழகான சொல்தான். ஆனால் நெறி பிறழ்வதற்குத் துணிவு தேவையில்லை, தடுமாறினாலே பிறழ்ந்துவிடலாம். மனப்பிறழ்வு என்ற நோயின் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. மீறுவது அப்படியல்ல. ‘எதை மீறினாய்?’ என்ற கேள்வி அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது.

எதை என்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் பதில்: வரம்பை. வரம்பு என்பது முதலில் வயலின் வரப்பு. ஈழத்தில் இன்றும் வயல் வரம்பு என்றுதான் சொல்கிறார்கள். ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் உயர்த்திப் போட்ட மண். அதைத் தாண்ட ஒரே ஓர் அடி போதும். லத்தீன் சொல்லில் இருந்த கால் இங்கேயும் இருக்கிறது, கூடவே மண்ணும் இருக்கிறது. அதனால்தான் எனக்கு ‘வரம்பு மீறல்’ பிடிக்கும். அடிக்கடி எழுதும்போது ‘மீறல் சினிமா’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சொல் பொருந்துகிறதா என்று உடலை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஸெட்டின் கூட்டத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கெர்ன் 1992இல் எடுத்த ஒரு குறும்படத்தில் கெம்ப்ரா ஃபாலர் என்ற கலைஞர் தன் பிறப்புறுப்பை ஊசி நூலால் தைத்து மூடச் செய்கிறார். படத்தின் பெயர் ‘சூயிங் சர்க்கிள்’. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடி, பேசியபடியே துணி தைக்கும் கூட்டத்துக்கு அமெரிக்காவில் இப்படிப் பெயர். ஊசியும் நூலும் பெண்களும் அப்படியே இருக்க, துணியின் இடத்தில் உடல் வந்துவிடுகிறது. இந்தப் படத்தை அதிர்ச்சி என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துபோகிறவர்கள் தலைப்பைப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். எந்த வரப்பு தாண்டப்படுகிறது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. 1965இல் வியன்னாவில் குந்தர் புரூஸ் என்ற கலைஞர் தன் உடலை வைத்து நிகழ்த்திய ஒரு நிகழ்வை குர்ட் கிரென் என்ற இயக்குநர் படமாக்கினார். தலைப்பின் பொருள் ‘தன்னைத் தானே சிதைத்தல்’. ஆறு நிமிடத்துக்கும் குறைவான கறுப்பு வெள்ளைப் படம். புரூஸின் முகமும் உடலும் வெள்ளைப் பசையில் மூழ்கிக் கிடக்கின்றன. பக்கத்தில் பிளேடு, கத்தரிக்கோல். பசை பிசுபிசுத்து நழுவும்போது தோலே உரிகிறது போலிருக்கும். ஆனால் அங்கே நிஜக் காயம் இல்லை. 1970இல் மியூனிக்கில் அவர் உண்மையாகவே பிளேடால் தன்னைக் கீறிக்கொண்டார், அதோடு இத்தகைய நிகழ்வுகளை நிறுத்திவிட்டு ஓவியத்துக்குத் திரும்பினார். எனக்கு அந்த 1965 படமே பெரிய மீறலாகப் படுகிறது. ஒரு துளி ரத்தமில்லாமல் நம்மைக் கண்ணை மூட வைக்கிறது.

அப்புறம், நம்மூர் விஷயம். காது குத்து, மூக்கு குத்து, பச்சை குத்து, அலகு குத்து: உடலை மாற்றும் காரியம் இத்தனைக்கும் தமிழில் ஒரே வினை. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஃபகீர் முசாஃபர், உடல் மாற்றத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்தவர், நம் காவடியையும் எடுத்துக்கொண்டார். மார்பிலும் முதுகிலும் வேல்கள் பதிய அதைச் சுமந்தார், ‘கவண்டி’ என்று எழுதினார். பத்துமலையில் தைப்பூசத்தன்று அலகு குத்திப் படியேறும் பக்தரை மீறல் என்ற சொல்லால் எழுத முடியாது. அவர் விரதமிருந்து, நேர்ந்துகொண்டதைச் செலுத்த வந்தவர், ஊரும் உறவும் கூடவே வேல் வேல் என்று நடக்கிறது. அவர் வரப்பின்மேல்தான் நடக்கிறார். அதே வேல் முசாஃபரின் அமெரிக்காவில் வரப்பைத் தாண்டிய அடி. அவர் காவடியைப் பற்றி எழுதும்போது மீறல் என்று தயங்காமல் எழுதுவேன், பத்துமலையைப் பற்றி எழுதும்போது நேர்த்திக்கடன் என்று.